கல்முனைக் கரையிற் கல்வியும் போக்குவரவும்: வண்டில் முதற் செயலி வரை

ஒரு பிரதேசத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பாடசாலைகள் தோன்றிய காலத்தையும், அவற்றைத் தோற்றுவித்தோரின் தொண்டினையும், பெறுபேறுகளின் ஏற்ற இறக்கங்களையும் விரிவாக எடுத்துரைப்பர். மாணவன் தன் வீட்டு வாயிலிலிருந்து வகுப்பறை வாயிலை எவ்வாறு சென்றடைந்தான், மாலையில் எவ்வாறு திரும்பினான் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. எனினும், கல்வி கற்றோர் எவர், கல்லாது நின்றோர் எவர் என்பதைத் தீர்மானித்த காரணிகளுள் போக்குவரவும் ஒன்றாகும். அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக அமைகின்றது. பல்கலைக்கழக மாணவர்க்கென ஒரு பயணச் சேவையையும், அதனை இயக்கும் கைத்தொலைபேசிச் செயலியையும் வடிவமைத்தல் இன்று உலகெங்கும் பேசப்படும் பொருளாகும். கல்முனைக் கரையில் அத்தகைய செயலி எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினாவுக்குப் பொறியியல் மட்டும் விடை கூறிவிட இயலாது. அதற்கு அக்கரையின் வரலாறும் அறியப்படல் வேண்டும்.

கல்முனைக் கரையின் புவியியல் அமைப்பு முதலில் நோக்கத்தக்கது. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே வயல்களும் நீர்நிலைகளும். இடையே ஒடுங்கிய மணற்பாங்கான நிலம். இந்நிலத்தின் மீது வடக்குத் தெற்காக ஒரு நெடுஞ்சாலை செல்கின்றது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் பெருந்தெருவின் இறுதிப் பகுதியே அது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒரே சரட்டிற் கோத்த மணிகள் போல இச்சாலையிற் கோக்கப்பட்டுள்ளன. முஸ்லிம் ஊரை அடுத்துத் தமிழ் ஊரும், தமிழ் ஊரை அடுத்து முஸ்லிம் ஊருமாக இவை மாறி மாறி அமைந்துள்ளன. காரைதீவிலிருந்து மேற்கே பிரியும் வீதி மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வழியாக அம்பாறையை அடைகின்றது. ஒரு நெடுங்கோடும் அதிலிருந்து பிரியும் ஒரு கிளையும் என இப்பிரதேசத்தின் போக்குவரவை ஒரு சிறுவனும் வரைந்து காட்டிவிடலாம். இவ்வெளிமை பின்னர் முக்கியத்துவம் பெறுவதைக் காண்போம்.

பழைய காலத்தில் இக்கரையின் போக்குவரவு மாட்டு வண்டிலையும் வள்ளத்தையும் சார்ந்திருந்தது. நெல்லும் தேங்காயும் மருதமுனை நெசவாளரின் துணிகளும் வண்டிலில் ஏறின. வாவியைக் கடக்க வேண்டிய துறைகளில் மக்கள் ‘பாதை’ என வழங்கும் மிதவையே துணை நின்றது. வாவியைக் கடப்பிக்கும் கலத்திற்கே ‘பாதை’ எனப் பெயரிட்ட மட்டக்களப்பு வழக்கு, நீரும் நிலமும் கலந்த அம்மண்ணின் வாழ்வை உணர்த்துவதாகும். பிரித்தானியர் ஆட்சியில், தேசாதிபதி மானிங்கின் துணைவியார் பெயரால் அமைந்த கல்லடிப் பாலம், மட்டக்களப்பு நகரைத் தெற்குக் கரையோடு இணைத்தது. அதன் அருகே புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. புகையிரதம் 1928 இல் மட்டக்களப்பை எட்டியது. அதற்குத் தெற்கே அது வரவில்லை. ஆகவே, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தெற்கேயுள்ள கல்முனைக்குத் தெருவொன்றே உயிர்நாடியாயிற்று. தெரு தடைப்பட்டால் அனைத்தும் தடைப்படும் என்னும் நிலை அன்றே உருவாகிவிட்டது.

1958 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் தனியார் பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியது. இந்நிகழ்ச்சி அரசியல் வரலாற்றிற் பெரிதும் பேசப்படுகின்றது. ஆயினும் ஊர் மட்டத்தில் அதன் பொருள் நேர அட்டவணையே ஆகும். இலாபம் தரும் தடத்தில் மட்டுமன்றித் தராத தடத்திலும், கூட்டமுள்ள நேரத்தில் மட்டுமன்றி இல்லாத நேரத்திலும் பஸ் ஓடவேண்டும் என்னும் கொள்கை அதனுள் அடங்கியிருந்தது. மாணவர்க்குரிய பருவச்சீட்டு, ஏழைப் பிள்ளைக்கும் அயலூர்ப் பாடசாலையை அண்மையாக்கியது. 1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது வண்டிகளின் தொகை பெருகிற்று. ஆனால், பயணிகள் நிரம்பும் வரை காத்திருத்தலும், பின் முந்திச் செல்லும் பொருட்டு விரைதலும் தெருவின் இயல்பாயின. வண்டிகள் பெருகுதலும் அவை வரும் நேரம் உறுதியாதலும் வேறு வேறானவை. கூலிக்குச் செல்பவன் அரை மணி நேரம் தெருவில் நிற்பதை ஒருவாறு பொறுத்துக்கொள்வான். மாலை மங்கும் வேளையில் மாணவியொருத்தி அவ்வாறு நிற்பதை அவளது வீட்டார் பொறுப்பதில்லை.

இவ்விடத்திற் கிழக்கிலங்கைச் சமூக அமைப்பும் கருதத்தக்கது. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் ‘குடி’ என்னும் தாய்வழி மரபு இங்கு நிலவி வந்துள்ளது. திருமணத்தின்போது வீடு பெண்ணுக்கே உரியதாகின்றது. மணமகன் மனைவியின் வீட்டிற்கு வருகின்றான். பெண்ணின் வாழ்வு தாய் வீட்டையும் அதன் அயலையும் மையமாகக் கொண்டு அமைவதால், அவள் தொலைவில் தங்கிப் படிப்பதிலும் பார்க்க நாள்தோறும் சென்று திரும்புவதே இயல்பானதாகக் கொள்ளப்பட்டது. 1971 இல் கல்முனையில் முஸ்லிம் மகளிர்க்கென ஒரு கல்லூரி எழுந்தது. அன்றைய கல்வி அமைச்சர் பதியுத்தீன் மஹ்மூதின் பெயரைத் தாங்கிய அது பெற்ற வரவேற்புக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். தரம் உயர்ந்த பாடசாலை, பிள்ளை மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் அமைந்தது.

பல்கலைக்கழகத்தின் நிலை வேறாயிருந்தது. 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இற் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, அது மாணவர் உள்ளேயே தங்கிக் கற்கும் வதிவிடப் பல்கலைக்கழகமாகவே கருதப்பட்டது. சேர் ஐவர் ஜெனிங்சின் திட்டத்தில் மாணவரின் அன்றாடப் பயணம் என்னும் சிக்கலுக்கு இடமே இல்லை. தவணைக்கு ஒருமுறை வருதலும் போதலுமே பயணமாகும். கல்முனைக் கரையிலிருந்து அங்கு சென்ற ஆண்கள் சிலர். பெண்கள் மிகச் சிலர். மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 இல் வந்தாறுமூலையில் ஆரம்பமாகி 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, உயர்கல்வி முதன்முறையாகக் கிழக்கு மண்ணிற்கே வந்தது.

ஆனால், அவ்வாய்ப்பை யுத்தம் பறித்தது. 1990 ஆம் ஆண்டில் இந்த ஒற்றை நெடுஞ்சாலை அச்சத்தின் சாலையாக மாறிற்று. குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டிற் கல்முனையிலே தமிழ் மக்கள் பெருந்தொகையினராக உயிரிழந்தனர். மணிகள் மாறி மாறிக் கோக்கப்பட்ட சரடு ஒவ்வோர் ஊர் எல்லையிலும் அறுந்தது எனலாம். அடுத்த ஊரின் வழியாகச் செல்வதே ஆபத்தாகிய அக்காலத்தில், வந்தாறுமூலையும் யாழ்ப்பாணமும் முஸ்லிம் மாணவர்க்கு எட்டாத் தொலைவாயின. இச்சூழ்நிலையிலேயே, எம். எச். எம். அஷ்ரபின் முயற்சியால், 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டு, 1996 மே மாதத்திற் பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் அது ஒலுவிலில் நிலையான வளாகத்தைப் பெற்றது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. இப்பல்கலைக்கழகத்தின் தோற்றத்தை அரசியற் சாதனையாகக் காண்போர் பலர். பாதுகாப்பாகச் சென்று திரும்ப முடியாமையின் விளைவாகவும் அதனைக் காணவேண்டும். தெரு மூடப்பட்டதனாற் பிறந்த பல்கலைக்கழகம் அது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. அதன் பின் கடலோரக் குடிகள் பல உள்நிலத்திற் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம் அவற்றுள் ஒன்று. இதனால், முன்னர் பிரதான வீதிக்கு அண்மையில் வாழ்ந்த குடும்பங்கள் சில அதிலிருந்து விலகின. பஸ் செல்லும் பெருந்தெருவுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இறுதித் தூரம் கூடிற்று. அத்தூரத்தை நிரப்பியது முச்சக்கர வண்டியாகும்.

இனி உலகப் போக்கினைச் சிறிது நோக்குவோம். அழைத்த இடத்திற்கு வண்டி வருதல் என்னும் எண்ணம் கைத்தொலைபேசிக்கு முற்பட்டது. 1972 இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஹடன்பீல்ட் என்னும் ஊரில், தொலைபேசியில் அழைப்போரின் வீட்டிற்குச் சிறு பஸ்களை அனுப்பும் பரிசோதனை நடைபெற்றது. தொடக்கத்தில் மனிதரே வண்டிகளை ஒழுங்குபடுத்தினர்; பின்னர் கணினி அப்பணியை ஏற்றது. 1975 இல் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் பிரிந்து கிடந்த வளாகங்களை இணைக்க, மோகன்ரவுண் நகரிற் சாரதியில்லாச் சிறு வண்டிகள் ஓடத் தொடங்கின; மாணவர் ஒரு பொத்தானை அழுத்தித் தாம் சேரவேண்டிய நிலையத்தைத் தெரிவித்தனர். பல்கலைக்கழகப் பயணச் சேவையைக் கணினியுடன் இணைத்த முன்னோடி முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய சேவையின் உட்சிக்கல் கணித இயல்புடையது. மூன்று பயணிகளை வெவ்வேறிடங்களில் ஏற்றி வெவ்வேறிடங்களில் இறக்குவதற்கு, ஏற்றிய பின்னரே இறக்கலாம் என்னும் ஒரே நிபந்தனையுடன், 90 ஒழுங்குமுறைகள் உள்ளன. பயணிகள் ஐவரானால் அத்தொகை 1,13,400 ஆகின்றது. ஆகவேதான் பெருநகரச் சேவைகள் ஆற்றல் மிக்க கணினிகளை நாடின. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில், செய்மதி இடங்காணும் முறையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழை நீக்கப்பட்டது. அதனாற் பொதுமக்களும் தம் இருப்பிடத்தைத் திருத்தமாக அறியலாயினர். 2008 இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பட்டப்பின் மாணவர்கள், சியாட்டில் நகரில் அடுத்த பஸ் எப்போது வரும் என அறிவிக்கும் ‘வன் பஸ் அவே’ என்னும் கருவியை உருவாக்கினர். 2010 இல் அமெரிக்காவில் ஊபரும் இந்தியாவில் ஓலாவும் சேவையைத் தொடங்கின. இலங்கையில் 2015 இல் உள்நாட்டு நிறுவனமாகிய பிக்மீ கொழும்பிற் கால்கொண்டது. ஊபரும் அவ்வாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றைக் கல்முனைக் கரையோடு ஒப்பிடுவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். சான் பிரான்சிஸ்கோவும் கொழும்பும் வலை போன்ற தெருக்களையுடைய நகரங்கள். எவ்வழியாற் செல்வது என்பதே அங்கு பெரிய வினா. கல்முனைக் கரையோ ஒரு கோடு. மருதமுனையில் ஏறியவளும் நிந்தவூரில் ஏறியவனும் எந்த ஒழுங்கில் ஏற்றப்படல் வேண்டும் என்பதைத் தெருவே தீர்மானித்துவிடுகின்றது. இலட்சத்திற்கு மேற்பட்ட ஒழுங்குமுறைகள் இங்கு ஏறத்தாழ ஒன்றாகச் சுருங்குகின்றன. ஆகவே, இங்கு செயலி தீர்க்கவேண்டியது வழியின் சிக்கலன்று. காத்திருத்தலின் சிக்கலும் நம்பிக்கையின் சிக்கலுமேயாம். வண்டி எங்கே நிற்கின்றது, அதில் இடமுண்டா, யார் ஓட்டுகின்றார், இருட்டுமுன் வீடு சேரலாமா என்னும் நான்கு வினாக்களுக்கு உண்மையான விடை கிடைப்பின், செயலியின் பெரும்பணி நிறைவேறிவிடும். வீட்டிலிருக்கும் தாயும் அவ்விடையை அறியக் கூடுமாயின் பயன் இருமடங்காகும். இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாக இருக்கும் காலத்தில் இது சிறுபான்மையினரின் தேவையன்று.

‘யார் ஓட்டுகின்றார்’ என்னும் வினா இங்கு ஆழமானது. பிற நாட்டுச் செயலிகள் சாரதியின் பெயரையும் பயணியின் பெயரையும் ஒருவர்க்கொருவர் காட்டுகின்றன; அது பாதுகாப்புக்கெனக் கருதப்படுகின்றது. கல்முனைக் கரையிற் பெயரைக் கண்டவுடன் சமூகம் தெரிந்துவிடும். பெயரைப் பார்த்து அழைப்பை மறுக்கும் சாரதியும், பெயரைப் பார்த்து வண்டியை மறுக்கும் பயணியும் தோன்றுவாராயின், 1990 இல் ஊர் எல்லைகளில் விழுந்த கோடுகளைச் செயலி மீண்டும் வரைந்ததாகும். பெயரை முற்றாக மறைத்தலும் தகாது. தன் மகள் யாருடன் செல்கின்றாள் என அறியும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. பயணம் இரு பக்கத்தாலும் உறுதியான பின்னரே பெயரையும் வண்டி இலக்கத்தையும் வெளிப்படுத்துதல் இவ்விரு தேவைகளையும் ஓரளவு பொருத்தும் வழியாகும். பயணம் முடிந்தபின் மாணவியின் தொலைபேசி இலக்கமும் வீட்டு இடமும் சாரதியிடம் தங்காதிருத்தலும் அவசியம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய பொறுப்பை நாட்டின் சட்டமாகவே ஆக்கியுள்ளது.

ஊரறிவும் செயலியினுட் புகவேண்டும். வீட்டிலக்கத்தைக் கொண்டு இடத்தை அறிதல் இவ்வூர்களிற் பெருவழக்கன்று. பள்ளிவாசல், சந்தி, பாடசாலை, நெல் ஆலை, இன்னாரின் ஒழுங்கை என்றே மக்கள் இடத்தைச் சுட்டுவர். ஓர் ஊர்ப்பெயரே ஆங்கிலத்திற் பலவாறு எழுதப்படுவதால், தமிழிலும் சிங்களத்திலும் பெயரை எழுதித் தேட இயலாத செயலி பயனற்றது. ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் மூவின மாணவரும் கற்கின்றனர் என்பது மறக்கத்தக்கதன்று. நேரக் கணிப்பும் ஊரின் நாட்காட்டியைத் தழுவல் வேண்டும். வெள்ளி நண்பகல் ஜும்ஆத் தொழுகை வேளையிற் சாரதிகளிற் பெரும்பாலோர் பள்ளிவாசலில் இருப்பர். றமழான் மாலையில் நோன்பு துறக்கும் நேரத்தை அண்டித் தெரு வெறிச்சோடும். இவற்றை அறியாத கணினி, ‘ஐந்து நிமிடத்தில் வண்டி வரும்’ எனப் பொய்யுரைக்கும். ஒருமுறை பொய்யுரைத்த கருவியைப் பெற்றோர் மறுமுறை நம்பார்.

சாரதிகளின் நலனும் கருதத்தக்கது. சந்திகளிலுள்ள தரிப்பிடங்களில் முச்சக்கர வண்டிகள் முறை வைத்து ஓடுவது நெடுநாள் வழக்கம். அம்முறை எழுதப்படாத நீதியாகும். அதனை ஒரே நாளிற் குலைக்கும் செயலி எதிர்ப்பையே ஈட்டும். ஒவ்வொரு பயணத்திலும் தரகு அறவிடும் முறைக்கு மாற்றாக, 2022 இல் பெங்களூரில் ஓட்டோச் சாரதிகளை முன்னிறுத்தித் தொடங்கிய ‘நம்ம யாத்ரி’ தரகின்றி இயங்கும் வழியொன்றைக் காட்டிற்று. தரிப்பிட வரிசையைச் செயலியின் வரிசையாக ஏற்றுக்கொள்வது கல்முனைக்குப் பொருந்தும் எளிய வழியாகும்.

சாதாரண மக்கள் இத்தகைய கருவிகளைக் கையாளுவரோ என ஐயுறுவோர்க்கு 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி விடையளிக்கின்றது. அவ்வாண்டு யூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி முறையின் கீழ், நாட்டின் ஓட்டோச் சாரதியும் உழவு இயந்திரக்காரனும் சில வாரங்களிற் கியூ.ஆர். குறியீட்டிற்குப் பழகினர். நவீன தொலைபேசி இல்லாதோர் அக்குறியீட்டைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துச் சென்றனர். இதிலுள்ள பாடம் தெளிவானது. தேவை உண்மையானதாயின் மக்கள் கற்பர். ஆனால், விலையுயர்ந்த கருவி இல்லாதவனையும் முறை உள்ளடக்கல் வேண்டும். அன்றைய பருவச்சீட்டு ஏழைப் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றியது போல, இன்றைய செயலியும் காகிதச் சீட்டிற்கும் குறுஞ்செய்திக்கும் இடம் வைத்தல் வேண்டும்.

இறுதியாக ஒரு துயர நிகழ்ச்சி இக்கருத்துக்களின் கனத்தை உணர்த்தும். 2024 நவம்பர் 26 ஆம் நாள், வடகீழ்ப் பருவமழையால் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்துகொண்டிருந்தது. நிந்தவூரில் அறபுக் கல்வி பயின்ற சிறுவர்கள் சம்மாந்துறையிலுள்ள தம் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். அவர்கள் ஏறிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. சிறுவர் பலர் உயிரிழந்தனர். அவர்கள் சென்றது நெடுந்தூரப் பயணமன்று. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் அந்த ஒரே கிளையில், வீட்டை நோக்கிய இறுதிச் சில கிலோமீற்றர் தூரமே அது.

சம்மாந்துறைப் பீடத்து மாணவரும் இவ்வழியையே நாடுகின்றனர். ஆகவே, இக்கரைக்கு அமையும் பயணச் செயலியின் சிறப்பை அது எத்தனை வண்டிகளை எத்துணை விரைவாக அழைக்கின்றது என்பதைக்கொண்டு மட்டும் அளத்தலாகாது. களியோடையிலும் மாவடிப்பள்ளியிலும் நீர் ஏறும் வேளையில், வண்டி கேட்கும் மாணவனுக்கு அது ‘இன்று இவ்வழியே செல்லற்க; வளாகத்திலேயே தங்குக’ என்று கூறவேண்டும். அச்சொல்லை அவன் வீட்டாருக்கும் அறிவித்து, தங்குவதற்கு இடமும் காட்டவேண்டும். வண்டில், பாதை, பஸ், முச்சக்கர வண்டி என ஒவ்வொரு காலத்து ஊர்தியிடமும் இக்கரையின் தாய்மார் எதிர்பார்த்தது ஒன்றே: போன பிள்ளை திரும்பி வரவேண்டும். செயலியை வடிவமைப்போர் தம் பணியைத் தொடங்கவேண்டிய இடமும் அதுவேயாகும்.